கழுதை ஏறும் மலைக்கு நூலகம் போகும் வழி

பென்னாகரம் சட்டமன்றத் தொகுதியைச் சேர்ந்த கோட்டூர் மலைக்குப் பல தேர்தல்களாக வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை முதுகில்தான் ஏறின. ரேஷன் அரிசி ஏறியதும் அப்படித்தான். அடிவாரத்தில் மூட்டையைப் பிரித்து, இருபுறமும் எடை சமமாகக் கட்டி, கல்லும் முள்ளுமான ஒற்றையடிப் பாதையில் ஓட்டிச் செல்வார்கள். வாக்கும் அரிசியும் மேலே போக ஒரு வழி கண்டுபிடித்தாயிற்று. புத்தகத்துக்கும் அதே வழி போதும்.

கடல் இல்லாத தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தீவு போன்ற ஊர்கள் நிறைய. அரூர்ப் பக்கத்துச் சித்தேரி மலை ஒரே ஊராட்சிதான், ஆனால் அதற்குள் அறுபதுக்கும் மேற்பட்ட குக்கிராமங்கள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் அரசநத்தமும் கலசப்பாடியும் சாலைக்காகப் பல ஆண்டுகள் மனுக் கொடுத்த ஊர்கள். கோட்டூருக்குப் பக்கத்தில் ஏரிமலை, அலகட்டு. கிருஷ்ணகிரிப் பக்கம் பெட்டமுகிலாளம், அஞ்செட்டிக் காடுகளுக்குள் இருக்கும் சிற்றூர்கள். இவை மலைத் தீவுகள். தண்ணீர் பிரிக்கும் இடமும் உண்டு. 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிந்த பிறகு காவிரி அகன்று நின்றது. தருமபுரிக் கரையில் நாகமரையும் ஒட்டனூரும், சேலம் கரையில் பண்ணவாடியும் கோட்டையூரும் எதிரெதிராக நின்றுவிட்டன. அக்கரை போகப் படகோ பரிசலோ வேண்டும். அணை 120 அடி நிறைந்திருந்தால் படகு ஊர் ஓரத்துக்கே வரும். மட்டம் இறங்க இறங்கத் துறை தள்ளிப்போய், சேற்றில் நடக்கும் தூரம் கூடிக்கொண்டே போகும்.

நூலகக் கணக்கில் தீவு என்பதை கிலோமீட்டரால் அளக்கக் கூடாது. ஒரு புத்தகத்தை எடுத்து, படித்து, திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் கூலி போகிறது என்பதே அளவு. கிளை நூலகத்தில் ஒரு நூலை 14 நாள் வைத்திருக்கலாம். மலையிலிருந்து இறங்கி ஏற ஒரு பகல் போய்விடும் ஊரில், 14 நாள் கெடு என்றால் மாதம் இரண்டு நாள் கூலியை விட வேண்டும். கூலி போகும் நாளில் யாரும் புத்தகம் மாற்ற இறங்க மாட்டார்கள். அதோடு கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. அரூர் அல்லது பென்னாகரத்தில் அரசு அலுவலக வேலையாக வெள்ளியன்று இறங்கியவருக்கு நூலகம் பூட்டித்தான் இருக்கும். மலை மக்களுக்குப் படிக்கும் பழக்கம் இல்லை என்று சொல்கிறவர்கள் இந்தக் கூலிக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரியின் எழுத்தறிவு 68.54 விழுக்காடு, தமிழ்நாட்டு மாவட்டங்களிலேயே கடைசி இடம். பாதை இல்லாத ஊர்களுக்கும் இந்த எண்ணுக்கும் தொடர்பு உண்டு.

உண்மையான தீவுகளில் என்ன செய்தார்கள்? சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரை ஒட்டிய தீவுக் கூட்டத்துக்கு 1953 முதல் ஆண்டுக்கு இரண்டு முறை புத்தகப் படகு போகிறது. நார்வேயில் 1963-இல் நூலகத்துக்கென்றே கட்டிய 'எப்போஸ்' என்ற கப்பல், சுமார் 6,000 நூல்களோடு மேற்குக் கடற்கரையின் சின்னஞ்சிறு துறைகளுக்கெல்லாம் 2020 வரை போய் வந்தது. ஆண்டுக்கு இரண்டே முறை வரும் நூலகம் எப்படிப் பயன்படும் என்று தோன்றும். பயன்பட்டதற்குக் காரணங்கள் மூன்று. வரும் நாள் முன்கூட்டியே தெரியும். ஒருவர் ஒரு நூலோடு நிற்காமல் அடுத்த வருகை வரைக்கும் வேண்டிய அளவு அள்ளிக்கொள்ளலாம். திருப்பிக் கொடுக்கும் நாள் என்பது அடுத்த படகு வரும் நாள்தான், ஆகவே தாமதம், அபராதம் என்ற பேச்சே எழாது.

நம்மிடமும் இதற்கு முன்மாதிரி உண்டு. 1931-இல் மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூலகம் கட்டி ஊர் ஊராக ஓட்டினார். அதைத் தொடங்கி வைத்தவர் சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன். நூலகவியலின் ஐந்து விதிகளை அவர் நூலாக வெளியிட்டதும் அதே 1931-இல்தான். நூல்கள் பயன்பாட்டுக்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்று தொடங்கும் அந்த விதிகளில் கட்டடம் என்ற சொல் வரவில்லை.

பணம் எங்கிருந்து வருகிறது

1948-இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. மாவட்டத்துக்கு ஒரு நூலக ஆணைக்குழு, அதற்கென்று தனி வருவாய் என்பது சட்டத்தின் அடிப்படை. அந்த வருவாய்தான் நூலக வரி. வீட்டு வரி, சொத்து வரியோடு சேர்த்து ரூபாய்க்கு 10 பைசா. ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி ஆகியவை வசூலித்து ஆணைக்குழுவிடம் செலுத்த வேண்டும். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று தனி இனமாக இருக்கும். நூலகத்துக்கு ஒரு நாளும் போகாதவரும் அதற்குக் காசு கட்டுகிறார்.

சட்டம் நல்லது, ஆனால் மலைக்கு வரும்போது கணக்கு உதைக்கிறது. எண்பது வீடுள்ள ஒரு மலைக் கிராமத்தில் வீட்டுக்கு ஆண்டு வரி 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூலக வரி வீட்டுக்குப் பத்து ரூபாய், ஊருக்கு 800 ரூபாய். இன்றைய விலையில் நான்கைந்து புத்தகம் வாங்கலாம். ஆகவே மலைக்குப் போகும் நூலகம், சமவெளி நகரங்களின் வரியில்தான் நடக்க முடியும். தருமபுரிக்கு இங்கே ஒரு கூடுதல் சிரமம். 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரி மாவட்டத்தில் ஓசூர் இருந்தது. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது ஓசூர் அதோடு போயிற்று. தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் பெருகி, 2019-இல் மாநகராட்சியாகவும் ஆன ஊர் அது. அதன் சொத்து வரியோடு வரும் நூலக வரி கிருஷ்ணகிரிக்குப் பலம். சித்தேரியையும் வத்தல்மலையையும் கோட்டூரையும் வைத்திருக்கும் தருமபுரிக்கு அப்படி ஒரு நகரம் இல்லை. தேவை ஒரு மாவட்டத்திலும் வரி ஒரு மாவட்டத்திலுமாக இருக்கும்போது, மாநில நிதியும், 1972-இல் கொல்கத்தாவில் நிறுவப்பட்ட ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை தரும் உதவியும்தான் பள்ளத்தை நிரப்ப வேண்டும்.

மாவட்ட மைய நூலகம், முழுநேரக் கிளை நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்று துறையின் அடுக்கு கீழிறங்கும். அடுக்கின் அடியில் இருக்கும் பகுதி நேர நூலகம்கூட ஓர் அறையையும் ஓர் ஆளையும் கேட்கும். சிதறிய குக்கிராமங்களுக்கு அது எட்டாது. 2006 முதல் 2011 வரை அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் 12,618 ஊராட்சிகளுக்கும் நூலகக் கட்டடம் வந்தது. அது ஊரக வளர்ச்சித் துறையின் திட்டம், பொது நூலகத் துறையுடையது அன்று. கட்டடம் ஒரு துறை, நூலகர் பணி இன்னொரு துறை என்றானதால் பல ஊர்களில் கதவு பூட்டியே கிடந்தது. சித்தேரி போன்ற ஊராட்சியில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. ஊராட்சிக்கு ஒன்று என்ற கணக்கில் அறுபது ஊருக்கும் ஒரே கட்டடம். ஓர் ஊருக்கு அது பக்கத்தில், மற்ற ஊர்களுக்கு அதுவும் ஒரு நாள் நடை.

பெட்டி

இங்கே பொருந்துவது சுழற்சிப் பெட்டி. நூலகம் என்ற அலகையே எழுபது புத்தகம் கொண்ட ஒரு பெட்டியாகச் சுருக்கிவிடுவது. 20 அங்குல நீளமுள்ள தகர டிரங்குப் பெட்டி போதும். மரப்பெட்டி எடை கூடும், கரையானும் ஏறும். பிளாஸ்டிக் பெட்டி கழுதை முதுகில் கட்டும் கயிற்றின் இறுக்கத்தில் விரிசல் விடும்.

எடையைப் பார்ப்போம். 200 பக்க டெமி அளவு நூல் ஒன்று சுமார் 250 கிராம். பள்ளிப் பாடநூல் 350 முதல் 400 கிராம். குழந்தைகளுக்கான 24 பக்கப் படநூல் 60 கிராம். படநூல் 30, கதையும் பொதுநூலும் 15, பாடநூலும் தேர்வு நூலும் 12, வேளாண்மை, சட்டம், மருத்துவம் 8, பழைய பருவ இதழ் 5 என்று எழுபதை அடுக்கினால் 13 கிலோவுக்குள் நிற்கும். பெட்டி 5 கிலோ. மொத்தம் 18 கிலோ. ஓர் ஆள் தலையில் வைத்து ஏறலாம். கழுதைக்கு இரண்டு பெட்டி, பக்கத்துக்கு ஒன்று. இரண்டின் எடையிலும் ஒன்றிரண்டு கிலோ வித்தியாசம் இருந்தாலும் பாரம் சரிந்து விலங்கின் முதுகு புண்ணாகும், அதனால் கிளம்பும்முன் தராசில் வைத்துப் பார்த்தே கட்ட வேண்டும். நூறு புத்தகம் வைக்கலாமே என்று ஆசைப்படுகிறவர்கள், இரண்டாவது முறை தூக்க ஆள் கிடைக்காதபோதுதான் தவறை உணர்வார்கள்.

ஆறு குக்கிராமம், ஆறு பெட்டி, இரண்டு மாதத்துக்கு ஒரு மாற்றம். பெட்டி அடிவாரத்துக்கு இறங்கி ஏற வேண்டியதில்லை. முதல் ஊர்ப் பெட்டி இரண்டாம் ஊருக்கு, இரண்டாம் ஊருடையது மூன்றாம் ஊருக்கு என்று பக்கத்து ஊருக்கே நகரும். ஓர் ஆண்டில் ஒவ்வோர் ஊரும் ஆறு பெட்டியைப் பார்த்துவிடும், அதாவது 420 புத்தகம். அதே 420-ஐ ஊர்தோறும் தனித்தனியாக வைக்க நினைத்தால் 2,520 வாங்க வேண்டும். ஆறு பெட்டியிலும் ஒரே நூல்கள் இருந்தால் இந்த லாபம் முழுதும் போய்விடும். மொத்தமாக வாங்கும்போது ஒரே தலைப்பில் ஆறு பிரதி வாங்குவது எளிது, அதனால் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். பாடநூலும் தேர்வு நூலும் மட்டும் எல்லாப் பெட்டியிலும் இருக்கலாம்.

மாற்றும் நாளை ரேஷன் ஏறும் நாளோடு பொருத்த வேண்டும். அன்றைக்கு ஆளும் விலங்கும் எப்படியும் கிளம்பும், ஊரும் கூடியிருக்கும். நாள் தவறக் கூடாது. இரண்டு முறை சொன்ன நாளில் பெட்டி வராவிட்டால், அடுத்த முறை வாசகர்கள் கையிலுள்ள நூலைக் கொண்டுவந்து கொடுக்க மாட்டார்கள். வராத நூலகத்தை நம்பிப் புத்தகத்தைத் திருப்பித் தருவானேன் என்ற நியாயம் அவர்கள் பக்கம். ஆடு, மாடு, வெள்ளாமை வேலையோடு இரண்டு மாதம் ஒரு நல்ல இடைவெளி. ஒரு மாதம் என்றால் நூல் கைமாறுவதற்குள் பெட்டி போய்விடும். மூன்று மாதம் என்றால் சிறுவர்கள் முப்பது படநூலையும் முதல் மாதத்திலேயே முடித்துவிட்டு பெட்டியை மறந்துவிடுவார்கள்.

பதிவு எளிதாக இருக்க வேண்டும். துறை ஒவ்வொரு நூலுக்கும் தரும் சேர்க்கை எண் நூலின் தலைப்புப் பக்கத்திலும், முத்திரை வழக்கமான இரகசியப் பக்கத்திலும் (நூலகத்தார் அடையாளத்துக்காகத் தங்களுக்குள் குறித்துவைத்திருக்கும் உள்பக்கம்) இருக்கட்டும். வாசகருக்கும் பெட்டி வைத்திருப்பவருக்கும் அட்டையில் பெரிதாக ஒட்டிய சிட்டை எண் போதும். 3/27 என்றால் மூன்றாம் பெட்டி, இருபத்தேழாம் நூல். மூடியின் உட்புறத்தில் நூல் பட்டியல் ஒட்டப்பட்டிருக்கும், அதன் நகல் கிளை நூலகரிடம். நாற்பது பக்க நீள நோட்டு ஒன்றில் எண், பெயர், எடுத்த தேதி, தந்த தேதி என்று நான்கு கட்டம். முன்வைப்புத் தொகை, முகவரிச் சான்று, புகைப்படம் என்று சமவெளிக் கிளையின் உறுப்பினர் படிவத்தை அப்படியே மேலே கொண்டுபோனால் பாதிப்பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

பெட்டி யார் வீட்டில் இருக்கிறது என்பதுதான் மற்றெல்லாவற்றையும் விட முக்கியம். ஊர்க்கவுண்டர் வீட்டில் வைத்தால் மரியாதையாக இருக்கும், ஆனால் பெண்களும் பிள்ளைகளும் அந்தத் திண்ணை ஏறத் தயங்குவார்கள். அங்கன்வாடி மாலைக்குமுன் மூடிவிடும். வேலைக்குப் போனவர்கள் திரும்புவது அந்திக்குத்தான். மகளிர் சுயஉதவிக் குழுவில் கணக்கு எழுதும் பெண்ணின் வீடோ, இரவு எட்டு மணிவரை திறந்திருக்கும் பெட்டிக்கடையோ சரியான இடம். குழுக் கணக்கு எழுதிப் பழகிய கைக்கு இந்த நோட்டு ஒரு வேலையே இல்லை. 2022-இல் தமிழ்நாடு அரசு நூலக நண்பர்கள் திட்டத்தைக் கொண்டுவந்தது. நூலகத்துக்கு வர இயலாதவர்களின் வீட்டுக்குத் தன்னார்வலர்கள் நூல் எடுத்துப்போவது அதன் நோக்கம். பெட்டி வைத்திருப்பவரை அத்திட்டத்துக்குள் சேர்த்தால் அவருக்கு ஓர் அடையாளமும் கிளை நூலகத்தோடு நேரடித் தொடர்பும் கிடைக்கும். கூடவே சிறிய மாதத் தொகை ஒன்று தருவதே முறை. தன்னார்வம் என்ற பெயரில் ஏழைப் பெண்ணின் நேரத்தை இலவசமாக எடுத்துக்கொள்வது எங்களுக்கு உடன்பாடானதன்று.

எந்தப் புத்தகம்

ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை உள்ள பள்ளிப் பாடநூல்களைத்தான் இளைஞர்கள் முதலில் கேட்பார்கள். அரசு வேலைக்கான தொகுதி நான்கு (குரூப் 4) தேர்வுக்கு வேறெதையும் விட அவைதான் அடிப்படை. படிப்பை விட்டுப் பல ஆண்டு ஆனவரிடம் பழைய பாடநூலும் இருக்காது. முழுத் தொகுப்பாக வைக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல் மட்டும் இல்லாத தொகுப்பு அரைகுறைக் கருவி. நடப்பு நிகழ்வு இதழ்கள் பழையதானால் தேர்வுக்கு உதவா, அவற்றை ஒவ்வொரு மாற்றத்தின்போதும் புதுப்பிக்க வேண்டும்.

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் தமிழ்ப் பிரதியும், தனிநபர் உரிமை கோரும் படிவமும், சமூக உரிமைக்கான படிவமும் ஒரு கோப்பில் இருக்கட்டும். மலைவாழ் மக்களுக்குக் கதைப் புத்தகத்தை விட அவசரமான வாசிப்பு அது. சாமை, கேழ்வரகு, மிளகு, காப்பி பற்றிய சிறுநூல்களும், பாம்புக்கடிக்கு உடனே செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும் பற்றிய படக் கையேடும் வேண்டும்.

கிருஷ்ணகிரி மலைகளில் மொழியையும் கவனிக்க வேண்டும். தளி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசும் பிள்ளைகள் பலர். பள்ளியில் தமிழ். இவர்களுக்குத் தமிழ்ப் படநூல் மட்டும் கொடுத்தால் படத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். ஒரே கதை இரு மொழியிலும் கிடைத்தால், தெரிந்த கதையைப் பிடித்துக்கொண்டு தெரியாத எழுத்துக்குள் நுழைய முடியும். நேஷனல் புக் டிரஸ்ட்டின் சிறுவர் வரிசை நூல்கள் பல இந்திய மொழிகளில் வருகின்றன. பெங்களூருவின் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதை தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் கிடைக்கும். உரிமம் திறந்தது, அச்சிட்டுக் கொடுக்கத் தடையில்லை. ஓசூரில் தாள் அச்சடித்து, நடுவில் தைத்து, அட்டை போட்டால் படநூல் தயார்.

தொலைவதும் நனைவதும்

பெட்டி நூலகம் தோற்கும்போது பெரும்பாலும் புத்தகம் தொலைந்து தோற்பதில்லை, தொலைந்துவிடுமோ என்ற பயத்தில் தோற்கும். இருப்புச் சரிபார்ப்பில் குறையும் நூலுக்கு நூலகர் தன் சம்பளத்திலிருந்து ஈடு கட்ட வேண்டும் என்ற நிலை இருந்தால், எந்த நூலகரும் பெட்டியை மலையேற்ற மாட்டார். பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகள் இதற்கு ஒரு நியாயமான அளவு சொல்கின்றன. ஓர் ஆண்டில் வழங்கிய அல்லது பார்வையிட்ட ஆயிரம் நூலுக்கு ஐந்து தொலைவது இயல்பு, நேர்மைக் குறைவோ கவனக் குறைவோ காரணமாக இல்லாதவரை. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும். ஆறு பெட்டிகள் ஆண்டில் இரண்டாயிரம் முறை கைமாறினால், இந்தக் கணக்கில் பத்து நூல் வரை போகலாம். எங்கள் கருத்தில் மலைக்கு இதை விடத் தாராளமாக ஓர் அளவை மாவட்ட ஆணைக்குழுவே தீர்மானமாகப் போட்டுக் கையில் கொடுத்துவிட வேண்டும். எழுத்தில் அந்தத் தீர்மானம் இருந்தால்தான் கிளை நூலகருக்குத் தைரியம் வரும்.

தொலைவதை விட அதிகம் கெடுப்பது ஈரம். மலையில் மூடுபனியும் ஐப்பசி கார்த்திகை மழையும் தாளை உப்ப வைக்கும். நடுவில் பின் அடித்த நூல்களில் கம்பி துருப்பிடித்து, முதலில் பழுப்புக் கறையும் பிறகு ஓட்டையும் விழும். பசை மட்டும் போட்டு ஒட்டிய நூல்கள், அடிவாரத்து வெயிலில் வண்டியில் காய்ந்து மேலே குளிரில் விறைக்கும்போது முதுகு வெடித்துத் தாள் தாளாக உதிரும். வாங்கும்போதே நூலிழையால் தைத்துக் கட்டிய புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கிடைக்காவிட்டால் பெட்டிக்குள் போகுமுன் முதுகோரத்தில் மூன்று துளையிட்டுத் தடித்த நூலால் தைத்து, கட்டு அட்டை போட வேண்டும். பின் அடித்ததில் பின்னைப் பிடுங்கிவிட்டு அதே துளையில் நூல் கோத்தால் போதும்.

பெட்டி மண் தரையில் உட்காரக் கூடாது. இரண்டு செங்கல் மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. தகரத்தைக் கரையான் தின்னாது, ஆனால் கீல் இடுக்கு வழியாக உள்ளே மண் கட்டும். அந்துருண்டை வேண்டாம், குழந்தைகள் மிட்டாய் என்று வாயில் போடும் ஆபத்து உண்டு. நிழலில் நன்றாகக் காய்ந்த வேப்பிலையும் வசம்புத் துண்டும் துணியில் முடிந்து நான்கு மூலையிலும் வைக்கலாம், மாற்றும் நாள்தோறும் புதிது. பச்சை இலை வைத்தால் அந்த ஈரமே பூஞ்சையைக் கொண்டுவரும். வெயில் அடிக்கும் நாளில் பெட்டியைத் திறந்து திண்ணை நிழலில் ஒரு மணி நேரம் காற்றாட வைக்க வேண்டும். நேர் வெயிலில் காயவைத்தால் தாள் மஞ்சளாகி நொறுங்கும்.

பரிசலில் போகும் பெட்டிக்குத் தடித்த பாலித்தீன் உறை இரண்டு, வாயை மடித்துக் கட்டி. அப்படியும் நனைந்துவிட்டால் நேரம்தான் எதிரி. இரண்டு நாளுக்குள் காய்ந்தாக வேண்டும், அதற்குமேல் பூஞ்சை பிடித்துவிடும். நூலைப் பிழியக் கூடாது, அடுப்பருகில் வைக்கக் கூடாது, ஒட்டியிருக்கும் தாளை நகத்தால் பிரிக்கக் கூடாது. பத்துப் பதினைந்து தாளுக்கு ஒன்றாகப் பழைய நாளிதழை இடையில் வைத்து, விசிறிபோல் விரித்து, காற்றோட்டமான நிழலில் நிற்க வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாளிதழை மாற்ற வேண்டும். முக்கால்வாசி உலர்ந்ததும் இரண்டு பலகைக்கு நடுவே கல் ஏற்றி வைத்தால் நெளிவு அடங்கும். வழவழப்புத் தாளில் அச்சான படநூல்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டால் பிரிக்க வழியில்லை, அவற்றை முதலில் எடுத்துக் காயவையுங்கள்.

பங்குனி, சித்திரையில் பாதை உலர்ந்திருக்கும்போது ஆறு பெட்டியும் ஒரே நாளில் கிளை நூலகத்துக்கு இறங்க வேண்டும். பட்டியலோடு ஒப்பிட்டு, கிழிந்ததைத் தைத்து, யாரும் தொடாத நூல்களை நோட்டைப் பார்த்து வெளியே எடுத்து, கேட்டுக் கிடைக்காதவற்றை உள்ளே வைக்க ஒரு வாரம் பிடிக்கும். கேட்டுக் கிடைக்காதவை எவை என்று தெரிய, அந்த நோட்டின் கடைசி இரண்டு பக்கத்தை முதலிலேயே 'வேண்டும்' என்று தலைப்பிட்டுக் காலியாக விட்டிருக்க வேண்டும்.